அந்தப் படத்தில் அழுத குரல்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் மாமாவும் நல்லபடியாக இருக்கிறோம், உன் இருமலும் விட்டிருக்கும் என்று நம்புகிறேன். அன்று போனில் நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன்: நான் டப்பிங் பேசிய அந்தப் படத்தில் நீ கேட்டது என் குரல்தான், என் பேச்சு இல்லை. தியேட்டர் வாசலில் நின்றபடியே அழைத்து, "அம்மா, நீ அப்பாவப் பத்தித்தான் பேசியிருக்க, உன் அழுகை எனக்குத் தெரியாதா, நான் அவரத் தேடப் போறேன்" என்று விம்மினாய். "சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

மறுநாள் மாமாவை இழுத்துக்கொண்டு போய்ப் படத்தை முழுதாகப் பார்த்தேன். டப்பிங்கில் என் காட்சியை மட்டும் துண்டு துண்டாகக் காட்டுவார்கள், கதை தெரியாது. கைக்குழந்தையை விட்டுவிட்டு ஓடிய ஒரு ரவுடி, ஊர்ப்பட்ட பேரை வெட்டிச் சாய்த்தவன், அவனைத் தேடி மகனும் கண்டவனையெல்லாம் அடித்து நொறுக்கிக்கொண்டு போகிறான், கடைசியில் துறைமுகத்தில் அப்பன் திரும்பிப் பார்த்ததும் தியேட்டரே விசிலடிக்கிறது. அவனை வளர்த்த அம்மா, நான் குரல் கொடுத்தவள், அதற்குள் செத்துச் சுவரில் போட்டோ ஆகிவிட்டாள். "அக்கா, உன்னக் கொன்னது வில்லன் இல்ல, டைரக்டர்தான்" என்றான் மாமா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தேடிப் போகிற கதைகள் எத்தனையோ படித்திருக்கிறேன், வீட்டிலேயே இருந்தவளை எந்தக் கதையிலும் யாரும் தேடுவதில்லை.

இப்போது நீ கேட்டு விம்மிய அந்த வசனம். "உங்கப்பா நம்மளக் காப்பாத்தத்தான்டா போனாரு." அந்த நடிகைக்கு நம் மொழி தெரியாது, ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணித்தான் வாயை அசைத்திருந்தாள். எண்ணிக்கொண்டிருந்த வாய்க்குப் பொருந்தும்படி அந்தப் பொய்யை நான் பேசினேன், அதுதான் என் பிழைப்பு. அழுகை மட்டும் ஒட்டவில்லை. "புருஷன நெனச்சுக்கிட்டுப் பேசுங்கம்மா, தானா வரும்" என்றார் டைரக்டர். அந்த ஆளை நினைத்தால் எனக்கு அழுகை வராது, போகும்போது மிக்சியையும் தூக்கிக்கொண்டு போனதுதான் ஞாபகம் வரும். நான் நினைத்தது, உன்னை ஹாஸ்டலில் விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பி வந்த பஸ்ஸை. நீ அடையாளம் கண்ட அழுகை உனக்காக அழுதது.

அந்த ஆளை யாரும் துரத்தவில்லை, நம்மைக் காப்பாற்றவும் போகவில்லை. வேறொரு குடும்பத்தோடு இதே ஊரில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் சோபா கடை வைத்திருக்கிறார். பேரை எடுத்தாலே வாய் கொப்பளிக்கத் தோன்றும், அதனால்தான் இத்தனை காலம் பேச்சையே எடுக்கவில்லை. ஊருக்கு வர டிக்கெட் போட்டுவிட்டேன் என்கிறாய், தடுக்க மாட்டேன். ஆனால் படத்தை நம்பி நீ அந்தக் கடை வாசலில் போய் நிற்பதை என்னால் தாங்க முடியாது. நாளைக்கு நானே முதலில் போய் நீ வருவதைச் சொல்லிவிட்டு வந்து, பிறகு இதைத் தபாலில் சேர்க்கிறேன்.

எங்கே போனாலும் தலை நிமிர்ந்து நட, மனசு குளிர்ந்து நன்றாக இரு. இருமல் மருந்தைப் பாதியில் நிறுத்தாதே.

உன்னைப் பெற்று வளர்த்த,
அம்மா

பி.கு.: போய்விட்டு வந்தேன். "உங்க மக உங்களத் தேடி வரப்போறா" என்றேன். "எந்த மக?" என்று கேட்டார். உன் பேரைச் சொன்னேன். அதற்குள் சோபா பார்க்க ஆள் வந்தது, எழுந்து போய்விட்டார்.