தியேட்டரில் ஓடிய நம் மில்

அன்பு மகள் இளமதிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். நீ சுகமா என்று கேட்காமலே இரண்டு வருஷத்தை ஓட்டிவிட்டேன், அதனால் முதலில் அதைத்தான் கேட்கிறேன், நன்றாக இருக்கிறாயா? மும்பையில் மழை ஜாஸ்தி என்று டிவியில் காட்டினார்கள்.

நீ இசையமைத்த படத்தைக் கடலூரில் மூன்றே நாளில் தூக்கிவிட்டார்கள். அம்மா விடவில்லை, ஞாயிற்றுக்கிழமை மாவு மில்லைப் பூட்டவைத்து என்னைச் சிதம்பரத்துக்கு இழுத்துப் போனாள். படத்தில் பாட்டே இல்லையே, இதில் இவளுக்கு என்ன வேலை என்று முணுமுணுத்தபடி உட்கார்ந்திருந்தேன். கதையில் வரும் அந்தப் பெண் வீட்டைவிட்டுப் பஸ் ஏறப் போகிற இடத்தில் வயலினுக்கு அடியில் டக், டக்டக் என்று ஒரு சத்தம். தியேட்டர் ஜெனரேட்டரில் பெல்ட் ஜாயின்ட் விடப்போகிறது, அறுந்தால் யார் மேலாவது அடிக்குமே என்று எழுந்து ஓடினேன். வாசலில் இருந்தவர், ஜெனரேட்டரே ஓடல பெரியவரே, கரண்டு இருக்குது, போய்ப் படத்தப் பாருங்க என்றார். திரும்பி வந்து நின்றபடியே கேட்டேன். அது நம் மில் பெல்ட். ஜாயின்ட்டில் நான் கூடுதலாக இரண்டு கிளிப் அடித்தது, வேறு எந்த மில்லிலும் அப்படிக் கேட்காது. சட்டென்று மோட்டார் இழுத்து அடங்கியது, அந்தப் பெண் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினாள். அது எந்த நாள் பிடித்த சத்தம் என்று எனக்கு மட்டும் தெரியும். பேங்க் வேலையை விட்டுவிட்டேன் என்று நீ சொல்ல வந்த நாள். மிஷின் பக்கத்தில் போனை நீட்டிக்கொண்டு நின்றாய், நான் பேசறது காதுல வுழல, போன நோண்டிக்கிட்டு நிக்கிறியா என்று கத்தி சுவிட்சை அணைத்தேன்.

அந்தக் கத்தலை மட்டும் எப்படிப் பிரித்து எடுத்தாய்? அதற்கு மிஷின் இருக்கிறதா, இல்லை நீயே உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எடுத்தாயா? எத்தனை தடவை கேட்டிருப்பாய் என்று நினைத்தால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. படத்தை முதலில் ஓசையில்லாமல் பார்ப்பாயா? இந்த இடத்தில் இந்தச் சத்தம் என்று சொல்வது நீயா, டைரக்டரா?

என் இசையை யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை, மறுபடி பேங்க் பரீட்சை எழுதப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னாயாம். நான் எழுந்து ஓடினேனே மதி, அது போதாதா? பரீட்சை எல்லாம் வேண்டாம்.

திருவந்திபுரம் பெருமாள் உன் கூடவே இருக்கட்டும். கேழ்வரகு மாவு அனுப்பியிருக்கிறேன், வந்ததும் சலித்து டப்பாவில் போட்டு வை. பொங்கலுக்கு வா. மில் சத்தத்தை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் போனில் பிடித்துக்கொள், சுவிட்ச் பக்கமே நான் போகமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா சபாபதி,
முதுநகர்.