கின்காவின் சிறுநீரகமும் எங்கள் போன்களும்

மார்ச் 4, செவ்வாய்

என் மனைவி கின்காவை நாளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். புதுச் சிறுநீரகம் வேலை செய்கிறது. உடம்பு அதைத் துரத்தாமல் இருக்க மாத்திரை தருகிறார்கள். அந்த மாத்திரையால் எந்தக் கிருமியையும் துரத்த முடியாமல் போகுமாம். நர்ஸ் இரண்டு பக்கக் காகிதம் கொடுத்தாள். கூட்டம் கூடாது, பூனை கூடாது. கடைசி வரி: வீட்டில் எல்லோருடைய போனையும் தினமும் சுத்தம் செய்ய வேண்டும்.

"என்ன வேலை பாக்கறீங்க?" என்றாள்.

ரூஸே நகர மார்க்கெட்டில் மீன்கடை என்றேன். என் போனைப் பார்த்தாள். காகிதத்தைத் திரும்ப வாங்கி, கடைசி வரிக்குக் கீழே கோடு போட்டுக் கொடுத்தாள்.

மார்ச் 5, புதன்

வந்துவிட்டாள். கூடவே அவள் தங்கை யோர்தாங்காவும். சிறுநீரகம் கொடுத்தவள் அவள்தான். வராதே என்று எப்படிச் சொல்வது?

அவளும் நானும் பேசி ஒன்பது வருஷம். அவள் கல்யாண விருந்தில், இந்த ஆள் ஒரு வருஷம்கூடத் தாங்க மாட்டான் என்றேன். பதினோரு மாதத்தில் அவளை விட்டுப் போய்விட்டான். நான் சொன்னது பொய்த்திருந்தால் மன்னித்திருப்பாள்.

இப்போதும் என்னிடம் நேராகப் பேசுவதில்லை. எல்லாம் படுக்கையறையில் இருக்கும் கின்கா வழியாகத்தான்.

"அக்கா, உன் புருஷன் போனு கெண்டை நாத்தம் அடிக்குதுன்னு சொல்லு."

"அவருக்கும் காது இருக்குடி."

"என் கிட்னிக்கு ஏதாவது ஆச்சு, நான் சும்மா விடமாட்டேன்னும் சொல்லு."

கொடுத்த பிறகும் அவள் கிட்னிதான்.

மார்ச் 6, வியாழன்

யோர்தாங்கா என் போனைக் கழிவறை ப்ளீச் போட்டுக் கழுவிவிட்டாள். துடைக்கவில்லை. கழுவினாள், குழாயடியில். திரை திட்டுத்திட்டாக வெளுத்துவிட்டது. எதிர்முனையில் பேசுகிறவர் குரல் கேட்பதில்லை. ஓட்டல்காரர் ஒருவர் கூப்பிட்டு ஏதோ கேட்டார். சரி, சரி என்றேன்.

மார்ச் 7, வெள்ளி

நாற்பது கிலோ கேட்டிருக்கிறார்.

மார்ச் 8, சனி

பெண்கள் தினம். கின்காவுக்குப் பூ வாங்கிப் போனேன். பூவும் கூடாதாம், பூஞ்சை இருக்குமாம். படுக்கையறை வாசலில் நின்று காட்டிவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுத்தேன். அவள் முகம் சிவந்துவிட்டது. அது வேறு கதை.

பிறகு போனை நெவேனாவிடம் கொண்டுபோனேன். அவள் பழுதுபார்க்கும் கடை நிலவறையில். நடைபாதையோடு ஒட்டிய சன்னலுக்கு முன்னால் குத்துக்காலிட்டுத்தான் பேச வேண்டும்.

"யாரு இதுல ப்ளீச் ஊத்துனது?"

"மச்சினி."

"உங்க மேல கோவமா?"

"ஒன்பது வருஷமா."

ஒலிபெருக்கியை மாற்றிக்கொண்டே திட்டினாள். "மொதல்ல ஆஃப் பண்ணணும். சார்ஜர்ல மாட்டியிருக்கக் கூடாது. உறையைக் கழட்டித் தனியா சோப்புத் தண்ணியில கழுவி, நல்லா காஞ்சப்புறம் மாட்டுங்க. போனுக்கு மருந்துக்கடையில எழுபது சதவீத ஆல்கஹால் கேளுங்க. அதையும் போன் மேல ஊத்தாதீங்க, துணியில ஊத்துங்க. மூக்குக்கண்ணாடி துடைக்கற துணி இருக்கே, அது. சொட்டக் கூடாது. ஓட்டைங்க பக்கம் ஈரமே போகக் கூடாது."

"வீட்டுல ரக்கியா இருக்கு, பிளம் சாராயம். நானே காய்ச்சினது."

"எத்தனை சதவீதம்?"

"ஐம்பத்திரெண்டு."

"அதைக் குடிங்க."

நான் எழுந்து நடந்த பிறகு சன்னலைத் தட்டினாள். "சார்ஜ் ஓட்டையில ஊசியை விட்டுக் குத்தாதீங்க! காஞ்ச பிரஷ் போதும். அப்புறம், கையைக் கழுவுங்க. கை அழுக்கா இருந்தா போனைத் துடைச்சு என்ன புண்ணியம்?"

தெருவில் இரண்டு பேர் திரும்பி என் கையைப் பார்த்தார்கள்.

மார்ச் 10, திங்கள்

சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் சமையலறை மேசையில் வேலை. முதலில் முழங்கை வரை சோப்பு. ஆஃப். உறை தனியாக. ஆல்கஹால் தொட்ட துணியால் மெதுவாகத் துடைத்து, ஈரம் தானாகக் காயும்வரை தொடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். யோர்தாங்கா மேற்பார்வைக்கு எதிரில் உட்கார்ந்தாள். கின்கா தூங்கிக்கொண்டிருந்ததால் தூது போக ஆளில்லை. ஃப்ரிட்ஜைப் பார்த்துச் சொன்னாள்:

"கேமரா ஓரத்தை விட்டாச்சு."

நானும் ஃப்ரிட்ஜைப் பார்த்து நன்றி சொன்னேன்.

மார்ச் 13, வியாழன்

துடைத்தேன்.

மார்ச் 14, வெள்ளி

துடைத்தேன். குறை ஒன்றும் சொல்லப்படவில்லை.

மார்ச் 19, புதன்

மத்தியானம் யோர்தாங்கா கடைக்குப் போன் செய்தாள். கின்காவுக்குக் காய்ச்சல், முப்பத்தெட்டரை டிகிரி. ஒன்பது வருஷத்தில் என்னிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை: "என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

மீனை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். ஆம்புலன்ஸ் எனக்கு முன்னால் வந்திருந்தது.

நான் என்ன பண்ணேன்? தொடைச்சேனே. தெனமும் தொடைச்சேன். கையைத் தோல் உரியற மாதிரி கழுவினேன். கடையில இருந்து வந்தா சட்டையை மாடிப்படியிலேயே கழட்டினேன், கீழ்வீட்டுக்காரன் சிரிச்சான். இன்னும் என்ன பண்ணணும்? மீன்கடையை மூடணுமா? மூடிடறேன். அவ மட்டும் —

எழுத முடியவில்லை.

மார்ச் 20, வியாழன்

சாதாரணச் சளிக் கிருமி. நமக்கு வந்தால் இரண்டு கைக்குட்டையோடு போய்விடும். அவளுக்கு ஊசி வழியாக மருந்து ஏறுகிறது. கிரியாட்டினின் கூடியிருக்கிறது; சிறுநீரகம் தடுமாறினால் ரத்தத்தில் கூடுவது அது. சிறுநீரகம் தாங்குமா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார் டாக்டர். எப்படி வந்தது என்று யோர்தாங்கா கேட்டாள்.

"கை, கதவுப்பிடி, போன், யாரோ விட்ட மூச்சு... எதுவா வேணாலும் இருக்கலாம்மா. கண்டுபிடிக்க முடியாது."

எதிர் பெஞ்சில் அவள் தன் போனைத் திருப்பித் திருப்பிப் பிடித்துக்கொண்டிருந்தாள். சிறுத்தைத்தோல் உறை, அதில் வரிசையாகக் கண்ணாடிக் கற்கள். தினமும் காலையில் கின்கா அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டுதான் வார்னாவில் இருக்கும் சித்தியோடு பேசுவாள். நான் அந்தப் போனையே பார்த்தேன். நான் பார்ப்பதை அவள் பார்த்தாள்.

பதினைந்து நாளாக அதை யாரும் துடைக்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

நான் வாயைத் திறக்கவில்லை. அவளிடம் ஒருமுறை உண்மை சொல்லிப் பார்த்தவன் நான். அது போதும்.

மார்ச் 21, வெள்ளி

நான் மேசையில் துணியோடு உட்கார்ந்திருந்தபோது வந்தாள். அவள் போனை என் போன் பக்கத்தில் வைத்தாள்.

"நான்தான் அத்தான்."

"டாக்டர் அப்படிச் சொல்லலையே."

"எனக்குத் தெரியும்."

"உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆஃப் பண்ணு."

ஆஃப் செய்தாள். பிறகு அழுதாள். அழும்போது ஆபரேஷன் செய்த இடத்தைக் கையால் பிடித்துக்கொள்கிறாள், பாவம், இன்னும் வலிக்கிறது போலிருக்கிறது. எனக்கு ஆறுதல் சொல்ல வராது. உறையைக் கழற்றி, பழைய பிரஷ்ஷால் கல் இடுக்குகளைச் சோப்புத் தண்ணீரில் தேய்த்தேன். அதற்கே இருபது நிமிஷம்.

"இந்த இடுக்குல என்ன, பனிட்சாப் பலகாரமா?"

"சீஸ் வெச்சது," என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

போய் மூக்கைச் சிந்திவிட்டுக் கை கழுவி வரச் சொன்னேன். போய்க் கழுவினாள்.

மார்ச் 24, திங்கள்

காய்ச்சல் இல்லை. கிரியாட்டினின் இறங்குகிறது.

மார்ச் 27, வியாழன்

கின்கா வீட்டில். சமையலறையில் நாங்கள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து போன் துடைப்பதை வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். தன் போனையும் கொண்டுவந்து வரிசையில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

யோர்தாங்கா தன் வீட்டுக்கு, வார்னாவுக்குக் கிளம்பினாள். பஸ்ஸில் ஏறும்போது, "போன் பண்ணுங்க அத்தான்," என்றாள். பண்ணுகிறேன் என்றேன்.

மே 11, ஞாயிறு

நான் பண்ணவில்லை. அவள்தான் இன்று கூப்பிட்டாள். கின்காவிடம் கொடுக்கட்டுமா என்றேன்.

"வேணாம். அவகிட்ட சொல்லாதீங்க. எனக்கு டெஸ்ட்ல கிரியாட்டினின் கூடியிருக்காம். நாளைக்குத் திரும்ப வரச் சொல்றாங்க. எங்கிட்ட இருக்கறது ஒண்ணுதானே அத்தான்."

"யாராவது கூட வராங்களா?"

"நீங்க வாங்க."

கின்காவிடம் நாளை மார்க்கெட்டில் வேலை அதிகம் என்று சொல்லியிருக்கிறேன்.

மே 12, திங்கள்

அவளுக்கு ஒன்றுமில்லை. தண்ணீர் குடிப்பதில்லை, அவ்வளவுதான். டாக்டர் திட்டினார். நானும் திட்டினேன். இரண்டையும் கேட்டுக்கொண்டாள்.

ரூஸே திரும்பும் பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. வார்னாக் கடலைப் பார்த்த பெஞ்சில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்தோம். அப்போது கின்கா கூப்பிட்டாள்.

"எங்க இருக்கீங்க?"

"மார்க்கெட்ல."

"என்ன அது, அலை மாதிரி சத்தம்?"

"மீன்," என்றேன்.

யோர்தாங்கா சிரித்த சிரிப்பில் விதைப் பொட்டலம் கொட்டிப்போயிற்று. தங்கையின் சிரிப்பு கின்காவுக்குத் தெரியாதா? "அந்த மீனை நல்லா சாப்பிடச் சொல்லுங்க," என்று வைத்துவிட்டாள்.