எதுவானாலும் பரவாயில்லை

பூன் லே,
ஞாயிறு

கவியின் அப்பாவுக்கு,

வணக்கம். முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் நலம்.

வியாழக்கிழமை ஆங்கிலப் பேச்சுத் தேர்வு முடிந்தது. அதில் தேறினால்தான் பாலர் பள்ளி வேலையில் என்னைத் தொடர்ந்து வைத்துக்கொள்வார்கள். தேர்வாளர் ஒரு சீன அம்மாள். உங்களுக்குப் பிடித்த சாப்பாடு எது என்று கேட்டார். விருந்துக்குப் போன வீட்டில் கேட்டதுபோல, "எனிதிங் இஸ் ஃபைன், ப்ளீஸ் டோன்ட் ட்ரபிள்" என்று சொல்லிவிட்டேன்.

"நோ ட்ரபிள் லா, ஐ ஆம் நாட் குக்கிங்" என்று சிரித்தார்.

இங்கு வந்த ஏழு மாதத்தில் யாரும் என்னிடம் எது பிடிக்கும் என்று கேட்டதில்லை. பிறகு, நீங்கள் விடுமுறை நாட்களில் கருகவிடும் உருளைக்கிழங்கு வறுவலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். நேரம் முடிந்தும் நான் நிறுத்தவில்லை. அவர்தான் கைகாட்டி நிறுத்தினார். மதிப்பெண்ணில் எனக்குப் பெரிய நம்பிக்கையில்லை.

அடுத்த மாதம் உங்கள் தங்கை சரசு வரும்போது மோர்மிளகாய் கொடுத்தனுப்புங்கள். லிட்டில் இந்தியாவில் கிடைக்கிறது, இருந்தாலும் அனுப்புங்கள்.

மழை வருகிறது, துணி எடுக்க வேண்டும். போனில் "சாப்பிட்டியா" என்று கேட்டதும் வைத்துவிடாதீர்கள். என்ன சாப்பிட்டேன் என்றும் கேளுங்கள்.

பூங்கோதை