வரைபடத்தில் அம்மாவின் குறி

கோச்சடை, மதுரை

அன்பு மகள் காவ்யஸ்ரீக்கு, அப்பா எழுதுவது. இங்கே நான் சுகமாகத்தான் இருக்கிறேன், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். அங்கே நீயும் மாப்பிள்ளை ராகேஷும் நன்றாக இருக்க மீனாட்சி துணை நிற்கட்டும். நிதானமாகச் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருப்பதால் எழுதுகிறேன். தபால் வருவதற்குள் நீ இன்டர்நெட்டில் அந்த ரேடியோ வரைபடத்தைப் பார்த்துவிடுவாய், அதனால் எழுதி முடித்ததும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். ஊர் விஷயம் பெரிதாக ஒன்றுமில்லை. வைகையில் தண்ணீர் இல்லை, கொசு இருக்கிறது. எதிர்வீட்டு சோணையம்மாள் தினமும் ரசம் கொடுத்தனுப்புகிறாள், வேண்டாம் என்றால் கோபம் வேறு. அம்மா போனதிலிருந்து எனக்கு உப்பு உறைப்பு தெரியவில்லை, அழுகையும் வரவில்லை, கால் மரத்துப்போனது போல இருக்கிறது.

அம்மாவின் மாசிகத்துக்குச் சாமான் வாங்கக் காரை எடுத்துக்கொண்டு சிம்மக்கல் போனேன் அல்லவா, தப்பு அங்கேதான். அம்மா காரில் வைத்திருந்த ஹாம் ரேடியோ, சாவியைத் திருப்பினாலே கார் இருக்கும் இடத்தைத் தானாகச் சொல்லிக்கொண்டு போகும் என்பது எனக்கு நினைவில்லை. அதை நம் மொட்டைமாடி ஆன்டெனா பிடிக்க, மாடி அறையில் அம்மா வைத்த ரேடியோ பெட்டி இன்டர்நெட்டில் ஏற்றிவிட, கனடாவில் உன் கண் முன்னால் வரைபடத்தில் அம்மாவின் லைசென்ஸ் குறி நகர்ந்திருக்கிறது. அம்மா சிம்மக்கல் போறாங்கப்பா என்று நீ போனில் கத்தினாய். நான்தாம்மா, எள்ளு வாங்க வந்தேன் என்றேன். வேறென்ன சொல்ல? விஷயம் தெரியாத யாரோ ஒரு நண்பர், வணக்கம் மேடம், ரொம்ப நாளாகக் காணோமே என்று அந்த ரேடியோவுக்குச் செய்தி அனுப்பியிருந்தார். காரை ஓரங்கட்டிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவின் ரேடியோ சிநேகிதர் முத்திருளன் வந்து காரில் இருந்ததைக் கழற்றிவிட்டார். வரைபடத்தில் கோச்சடையில் அம்மாவின் குறியோடே தெரியும் மாடிப் பெட்டியைப் பற்றி மென்று விழுங்கித்தான் சொன்னார். அண்ணே, லைசென்ஸ் அக்கா பேர்ல இருக்கு, அவுக போனப்புறம் அந்தக் குறியில சேதி போகக் கூடாது, அதுக்காக அணைச்சுப்போட்டா இந்தப் பக்கம் எங்க ரேடியோ ஆளுக ஒருத்தரும் மேப்புல தெரிய மாட்டாக, என் குறியைப் போட்டு ஓடவிடட்டுமாண்ணே என்றார். நீயோ, காலையில் கோச்சடையில் அம்மாவைப் பார்த்துவிட்டுத்தான் பல்லே தேய்க்கிறேன், அணைக்கவே கூடாது என்று எழுதியிருந்தாய். இருதலைக் கொள்ளி எறும்பாகச் சில நாள் இழுத்தடித்தேன். ஆனால் அம்மா அந்தப் பெட்டியை வைத்தது நமக்காக இல்லை, எல்லாருடைய சேதியும் போய்ச் சேரட்டும் என்றுதான். இன்று காலை நானே சுவிட்சை அணைத்தேன். முத்திருளன் தன் குறியை ஏற்றி மறுபடியும் ஓடவிட்டார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கீழே வந்து துணி மடித்தேன். இனி அந்த இடத்தில் அவர் குறிதான் தெரியும்.

கோபம் வந்தால் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. ராகேஷுக்கு என் ஆசிகள், தீர்க்காயுசாக இருங்கள். இன்னொன்று, குறையாக எடுத்துக்கொள்ளாதே. தினமும் அம்மா இருக்கிறாளா என்று பார்த்தாய், சிம்மக்கல் நாளுக்குப் பிறகு என்னைக் கூப்பிடவே இல்லை. எனக்கு அது வலிக்கிறது. நான் எந்த வரைபடத்திலும் தெரிய மாட்டேன் மகளே, போன் பண்ணித்தான் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
வீட்டிலேயே இருக்கும் உன் அப்பா,
ஹரிநாராயணன்