சரசுவுக்கு நான் கூட்டிய இரண்டு வயது

3.3.80, திங்கள்
காலையிலிருந்து மழை. பட்டறையில் பம்ப் மோட்டார் ஒன்று, சுருள் முழுக்கக் கருகல். பாதி பிரித்தேன். பிற்பகல் லீவு. தங்கை சரசுவை ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனேன்.

நர்ஸ் மிஸ்ஸி அட்டையைப் பார்த்தாள். அடுத்த மாதம் சரசுவுக்கு வயது பதினெட்டாம். இனி பெரியவர்கள் பிரிவு. வேறு கட்டடம், வேறு டாக்டர். “ரூல்ஸ் அப்படி, தம்பி. நான் என்ன செய்ய லா.”

ஒன்பது மாதமாக வீட்டில் ஒரு வார்த்தை பேசாதவள். போன மாதம்தான் இந்தப் பிரிவு டாக்டரம்மாவிடம் மட்டும் நாலு வார்த்தை. மறுபடி முதலிலிருந்தா? எரிச்சல்.

5.3, புதன்
வெயில். வாங்க: வார்னிஷ், பருத்தி நாடா, சரசு மாத்திரை.

அம்மா அழுகை. பெரியவர்கள் பிரிவு என்றால் அம்மாவுக்குத் தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிதான். அது வேறு, இது வேறு என்று கத்தினேன். “அங்க போய்ட்டு வந்த பிள்ளய எவன்டா கட்டுவான்?” சாப்பிடாமல் கிளம்பிவிட்டேன்.

6.3, வியாழன்
இங்கே மட்டும் எழுதலாம். சரசுவுக்கு நிஜத்தில் அடுத்த மாதம் பதினாறுதான். ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள், அப்போது பிறப்புப் பத்திரம் எடுக்கவில்லை. 78இல் பத்திரம் எடுக்கப் பதிவு பாரம் நிரப்பியது நான். எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் எடுக்க வேண்டுமென்று இரண்டு வயது கூட்டினேன். தோட்டத்தில் பெயர் பதிய எல்லோரும் செய்ததுதான். அப்பா பதிவு ஆபீஸில் போய்ச் சத்தியம் செய்தார். இப்போது அவர் இல்லை.

ஒரு வருடம் மைக்ராஸ்கோப்பில் கண் வைத்து வேலை பார்த்தாள். பிறகு பேச்சு நின்றது.

சொன்னால் பொய்ப் பத்திரக் கேஸ் வருமா? தெரியவில்லை. மோட்டார் முடியவில்லை. முதலாளி முறைப்பு.

7.3, வெள்ளி
சரசுவோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மாவிடம் அடுத்த மாதம் நிஜ வயது பதினாறுதான் என்றேன். பத்திரத்தில் யார் மாற்றி எழுதியது என்று கேட்டார். அப்பா என்றேன். செத்தவரை யார் பிடிக்கப் போகிறார்கள்.

பக்கத்திலிருந்து சரசு. என்னைப் பார்க்காமல், டாக்டரிடம்.

“அண்ணன்தான் எழுதுச்சு. அப்பாவுக்கு எழுதத் தெரியாது.”

ஒன்பது மாதத்துக்குப் பின் என் காதில் அவள் குரல். கொஞ்சம் கரகரப்பு.

டாக்டரம்மா திட்டவில்லை. வயதைத் திருத்த நான் சத்தியக் கடிதம் கொடுக்க வேண்டுமாம். அது முடியும்வரை சரசுவை அவரே பார்ப்பாராம்.

பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவில்லை. முன் சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

திங்கள் மறுபடி லீவு கேட்க வேண்டும். கடிதத்தில் என் பெயர்.