திருத்துநாயகம் செவ்வேளார் மீது ஐவர் தந்த முறையீடு

வளம் குன்றா மருதவேலி நாட்டின் தலைமை அமைச்சன் பெருந்திண்ணன், அந்நாட்டு ஓலைச்சாலையில் எழுத்தும் சொல்லும் வழுவாது காக்கும் திருத்துநாயகம் செவ்வேளாருக்கு விடுத்த ஓலை. உமது எழுத்தாணியின் கூர்மை என்றும் குன்றாதிருக்க. உமது நாவின் கூர்மை மட்டும் சற்றே குன்றுக.

வரும் புதன்கிழமை காலை, அரசியார் திருமுன், உம்மோடு பணிபுரியும் எழுத்தர் ஐவர் உம்மீது தந்த முறையீடு விசாரிக்கப்படும். உம்மை நீக்காவிடில் தாங்கள் ஐவரும் ஒருங்கே விலகுவதாகச் சொல்லியிருக்கின்றனர். இது விளையாட்டன்று.

சென்ற கார்காலத்தில் சாலைக்குள் பாம்பு புகுந்தபோது, எழுத்தர் வெண்பூதர் பலகைமேல் ஏறி நின்று, “ஐயோ, பாம்பு வருது!” என்று அலறினாராம். நீரோ, “வருகிறது என்க” என்றீராம். அவர் திருத்திச் சொன்ன பிறகே கம்பை எடுத்தீராம். எழுத்தர் பொதினியார், மகளைப் பெற்ற மறுநாள் படுத்த பாயிலிருந்தே எழுதி விடுப்பு வேண்டியபோது, வாழ்த்து ஒன்றும் சொல்லாமல், விட்டுப்போன ஓர் ஒற்றெழுத்தைச் சுட்டி விண்ணப்பத்தைத் திருப்பினீர். இதை எம்மிடம் சொல்லும்போது அவர் கண் கலங்கினார்.

விடை கேட்டு முறையீட்டின் படியை உமக்கு அனுப்பினோம். விடை வரவில்லை. அம்முறையீட்டையே பதினேழு இடங்களில் திருத்தி, ஓரத்தில் ‘நடை முன்னினும் தேறியுள்ளது’ என்று பாராட்டும் எழுதி அனுப்பினீர். அரசியார் நகைத்தார், எழுத்தர் ஐவரும் நகைக்கவில்லை.

ஆயினும் ஒன்று கேளும். ஐவரையும் தனித்தனியே அழைத்து வினவியபோது, பொதினியாரே ஒரு செய்தி சொன்னார். அண்டை நாட்டரசருக்குக் ‘குளம் காண வருக’ என்று எழுத வேண்டிய அழைப்பில் ‘களம் காண வருக’ என்று தாம் எழுதிவிட, அதைக் கண்டு தடுத்துப் போரொன்றைத் தவிர்த்தவர் நீரே என்றும், அப்பிழை யாருடையது என்பதை இன்றுவரை எவரிடமும் நீர் சொல்லவில்லை என்றும் உரைத்தார். “அவரு கண்ணு வேணும் ஐயா, வாயத்தான் தாங்க முடியல” என்பது அவர் சொன்ன சொல். யாம் அதைத் திருத்தாமல் எழுதினோம்.

ஆதலின் இன்றே ஆயத்தமாகுக. வீட்டார் பேசும்போது நாள்தோறும் ஒரு நாழிகை வாய் திறவாது கேட்டுப் பழகுக. உம் மனைவியார் இதற்குப் பெருமகிழ்வோடு இசைந்துள்ளார். அவையில் ஐவரும் தத்தம் ஊர்ப்பேச்சிலேயே பேசுவர். பொருளை மட்டும் கேளும். உம் முறை வருகையில் இலக்கண மேற்கோள் எதுவும் வேண்டா. முதற்கண் பொதினியாரிடம் குழந்தையின் பெயர் யாதெனக் கேளும். எப்பெயராயினும் நன்றென்று சொல்லும்.

அரசியார் அறிய, எம் கைச்சாத்தும் மருதப்பூ முத்திரையும் இட்டு விடுத்த ஆணை இது. இவ்வோலையில் பிழை இருக்கக்கூடும். திருத்தித் திருப்பி அனுப்பற்க; ஓலையை வீட்டில் வைத்துவிட்டு, நீர் மட்டும் வருக.