புள்ளிக்குப் பின்னால் இரண்டு பூஜ்யம்

மார்ச் 4
ஆய்வகத்துக்குப் புதிதாக வந்திருப்பவளை எனக்குப் பிடிக்கவில்லை. துணியின் எடையில் எத்தனை சதவீதம் சாயம் என்று பழையவர் நேராக எழுதி அனுப்புவார். இவள் சீட்டில் 0.03, 0.02 என்று தசமத்தில் வருகிறது. கணினி அப்படித்தான் தருகிறதாம். அதைச் சதவீதமாக்கிச் சாயக்கூடத்துப் பலகையில் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. பதினான்கு வருடமாகச் சாயக்கூடத்தில் இருக்கும் எனக்கே பாடம். "நூறால பெருக்குங்க. புள்ளி ரெண்டு இடம் தள்ளிப் போகும், அவ்வளவுதான்." தசமக்காரி என்று பெயர் வைத்துவிட்டேன். கூடமே சிரித்தது.

மார்ச் 11
புள்ளியைத் தள்ளவும் வேண்டாம், மண்ணும் வேண்டாம். முன்னால் இருக்கும் பூஜ்யங்களைத் தூக்கிப் போட்டுவிட்டு மிச்சத்தை எழுதினால் போதும். 0.03 என்றால் 3. 0.02 என்றால் 2. ஒரு வாரமாக ஒன்றுகூடத் தப்பவில்லை. படித்தவர்களுக்கு எதையும் சுற்றி வளைத்தால்தான் திருப்தி.

மார்ச் 19
முந்நூறு கிலோ துணி பாழ். கேட்டது இளநீலம், வந்தது கருநீலம். சாயத்தை நிறுத்துத் தொட்டியில் போட்டது என் கொழுந்தன். பலகையை அழித்தாயிற்று. சீட்டில் இருந்ததைத்தான் எழுதினேன் என்று நான் சொன்னேன். சரியாகத்தான் அனுப்பினேன் என்று அவள் சொன்னாள். பழி அவன்மேல் போய் விடிந்தது. மேலாளர் அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். நாலு நாள் கழித்து வேலை உண்டா இல்லையா என்று சொல்வாராம். அவனாவது வாயைத் திறந்தானா? கல்லுளிமங்கன்.

தசமக்காரி அறைக்கே போய்க் கத்தினேன். "சீட்டைக் கொண்டு வாங்க, பாக்கலாம்" என்றாள். குரல்கூட உயரவில்லை. என்ன திமிர்.

மார்ச் 20
சீட்டுகளை ஆணியில் குத்தி வைப்பது என் வழக்கம். அவள் முகத்தில் வீசலாம் என்று அந்த இளநீலச் சீட்டை உருவினேன்.

0.004.

இரண்டு இடம் தள்ளினால் 0.4. நான் எழுதியது 4. ஒன்றேகால் கிலோகூட வேண்டாத இடத்தில் பன்னிரண்டு கிலோ — அவன் கேட்டானே. "அண்ணி, இளநீலத்துக்கு பன்னெண்டு கிலோவா?"ன்னு வந்து நின்னு கேட்டானே. "போர்டுல இருக்கிறதைப் போடு. நீயும் எனக்குப் பாடம் எடுக்காத"ன்னு நான்தானே விரட்டினேன். அதை அவன் மேலாளர்கிட்ட ஏன் சொல்லல?

சீட்டு என் பையில் இருக்கிறது. ஒன்று குறைவது யாருக்கும் தெரியாது.

மார்ச் 22
கொடுக்கவில்லை.

மார்ச் 23
காலையில் கொழுந்தன் வேறு வேலை தேடக் கிளம்பினான். என் முகத்தைப் பார்க்கவில்லை. சீட்டை மேலாளர் மேஜையில் வைத்துவிட்டேன். தசமக்காரியும் அங்கே இருந்தாள். முதல் நாளே சொன்னேனே என்று கேட்பாள், பதிலுக்குக் கிழிக்கலாம் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. அவளை இப்போதும் எனக்குப் பிடிக்கவில்லை. என்னையும்தான்.

ஏப்ரல் 9
கொழுந்தனைத் திரும்ப எடுத்துக்கொண்டு, என்னை மடிப்புப் பிரிவில் தள்ளி இரண்டு வாரம் ஆகிறது. பாழான துணியைத் துண்டுகளாக வெட்டி, கை துடைக்க ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். கொண்டு வந்தது கொழுந்தன். "இந்தாங்க" என்றான். அண்ணி என்று சொல்லவில்லை.

வீட்டில் மூன்று தடவை அலசினேன். தண்ணீர் தெளிவாகவே இருந்தது. சொட்டுச் சாயம் போகவில்லை.